அறிவுக்கடலின் வண்டுகள்

மருந்து டப்பாவுக்குள் எறும்பு அளவு எழுத்தில் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருப்பார்களே, வாங்குகிறவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுவாரே, அதை வரி விடாமல் படிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அச்சகத்தின் மாடியில், தடுப்புப் பலகை வைத்து ஒதுக்கிய ஜன்னலோரத்து மூலையில் அவள் மேஜை. ஒரு புள்ளி விழுந்துபோனால் அரை மாத்திரை ஐந்து மாத்திரையாகிவிடும் என்கிற பயத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. பயம் நாளடைவில் குணமாக இறுகிவிட்டது. பெயர்ப்பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போன கடையில் எதுவும் வாங்க மாட்டாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை பார்ப்பாள்; யாருக்குக் கல்யாணம் என்று அப்புறம்தான் பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து நடத்துகிற கலைக்களஞ்சியம் ஒன்று உண்டல்லவா, அதன் தமிழ்ப் பகுதிக்கு அவள் ஒரு நிர்வாகி. சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது, வசவு மட்டும் தாராளம். அங்கே அவளுக்குப் பெயர் சல்லடை. அவளே வைத்துக்கொண்டது. வீட்டில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. 'கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிக்கிட்டு இருப்பா' என்பதோடு சரி.

அவள் கவனிப்பில் இருந்தவை குறுங்கட்டுரைகள். பெயரைக் கேட்டு யாரும் அழகாக எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 'இது ஒரு மலை. இது உயரமானது.' முடிந்தது கட்டுரை. 'இவர் ஒரு நடிகர். பல படங்களில் நடித்துள்ளார்.' எந்தப் படங்கள் என்று கேட்டால் பதில் வராது. எழுதியவர் அதற்குள் அடுத்த நடிகருக்குப் போயிருப்பார். இவற்றை என்ன செய்வது என்பதற்குக் கலைக்களஞ்சியத்தில் விதி இருக்கிறது. தேறும் என்று தோன்றினால் 'இது ஒரு குறுங்கட்டுரை, வளர்த்தெடுக்க உதவுங்கள்' என்று அடியில் ஒரு பட்டை ஒட்டி விட்டுவிடலாம். கையில் விஷயம் இருந்தால் நாமே வளர்க்கலாம். இல்லையென்றால் பெரிய கட்டுரை ஒன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். எதற்கும் லாயக்கில்லை என்றால் பொதுவில் பேசி, நீக்கிவிடலாம்.

அந்தப் பட்டையைக் கண்டாலே சல்லடைக்கு ஆகாது.

"பெத்துப் போட்டுட்டு, யாராவது எடுத்து வளத்துக்கோங்கன்னு அடுத்த வீட்டு வாசல்ல வெச்சுட்டுப் போற மாதிரி இருக்கு டாக்டர்" என்பாள்.

டாக்டர் என்பவர் இன்னொரு நிர்வாகி. பல் டாக்டர். நோயாளியின் வாயில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்கிற வரைக்கும் வெளியே வந்து சல்லடையோடு போனில் பேசுவார். அவருக்குக் குறுங்கட்டுரை என்றால் கரிசனம்.

"பால் பல்லுங்க அதெல்லாம். அது இருந்த இடத்துலதான் நல்ல பல்லு முளைக்கும். நீங்க என்னடான்னா முளைக்கும்போதே குறடும் கையுமா வரீங்க."

"சொத்தையாவே முளைச்சா என்ன பண்றது?"

கலைக்களஞ்சியத்தில் எந்த மாற்றம் செய்தாலும் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. மற்றவர்கள் அதில் 'எழுத்துப்பிழை' என்றோ 'இணைப்பு' என்றோ எழுதிவிட்டுப் போவார்கள். சல்லடை அதைத் தேள் கொடுக்காகப் பயன்படுத்தினாள். நடிகரைப் பற்றிய கட்டுரையை நீக்கியபோது, 'நடிக்காத நடிகர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவருக்குத் தனிக் கட்டுரை போடலாம்' என்று எழுதினாள். மலையை நீக்கியபோது, 'குள்ளமான மலைகளின் மனம் புண்படும்' என்றாள். இதைப் படிப்பதற்கென்றே தினமும் எட்டிப்பார்க்கிற ரசிகர் கூட்டம் ஒன்று சேர்ந்துவிட்டது. ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

அந்த வருஷம் கலைக்களஞ்சியத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். அதிகமான கட்டுரை எழுதுகிறவருக்குக் கேடயம், சான்றிதழ், பத்திரிகையில் படம். அறிவை எண்ணிக்கையால் அளந்துவிடலாம் என்று நினைத்த ஏதோ சில புண்ணியவான்களின் யோசனை. சல்லடை அப்போதே டாக்டரிடம் சொன்னாள், "பாத்துக்கிட்டே இருங்க, இனிமே ஈசல் மாதிரி வரும்."

ஈசல் வரவில்லை. வண்டுகள் வந்தன.

அறிவுக்கடல் என்ற பெயரில் யாரோ புதிதாகக் கணக்குத் தொடங்கியிருந்தார். பெயரைப் பார்த்ததுமே சல்லடைக்கு மூக்கு வேர்த்தது. தனக்குத் தானே கடல் என்று பெயர் வைத்துக்கொள்கிறவர் குட்டையாகத்தான் இருப்பார் என்று அவளுக்கு அனுபவம். கட்டுரைகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே அச்சு. வாயில் நுழையாத லத்தீன் பெயர் ஒன்று, அதற்குப் பிறகு: 'என்பது ஒரு வண்டு. இது வண்டு இனத்தைச் சேர்ந்தது. இதற்கு ஆறு கால்கள் உள்ளன.' அடுத்த கட்டுரை, அடுத்த லத்தீன் பெயர், அதே வண்டு இனம், அதே ஆறு கால்கள். உலகத்தில் வண்டு வகைகளுக்குப் பஞ்சமே இல்லை, லட்சக்கணக்கில் இருக்கின்றன. மனிதர் யோசித்துத்தான் இறங்கியிருக்கிறார். சிங்கத்தைப் பற்றி எழுதப் போயிருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும்.

சல்லடை கொடுக்கைத் தூக்கினாள். கண்ணில் பட்ட வண்டுகளில் 'நீக்கலாமா?' என்று குறி போட்டு, காரணக் கட்டத்தில் எழுதினாள்.

'ஆறு கால்கள் என்ற அரிய தகவலுக்கு நன்றி. ஏழு கால் வண்டு கிடைத்தால் அவசியம் சொல்லி அனுப்பவும்.'

'இதை எழுதியவருக்கு அந்த வண்டுக்கு இருக்கிற மூளையாவது இருந்திருக்கலாம்.'

'படித்தவர் செய்கிற காரியமா இது? படிப்பைப் பாதியில் விட்டவர்கூட வெட்கப்படுவார்.'

அறிவுக்கடல் எதற்கும் பதில் சொல்லவில்லை. வண்டுகளும் நிற்கவில்லை. பகல் முழுக்க ஊர்ந்து வந்துகொண்டே இருந்தன. சல்லடை அத்தனையையும் மொத்தமாக நீக்க வேண்டும் என்று பொதுவில் கோரிக்கை வைத்தாள். அடுத்த நாளே எங்கிருந்தோ புதுப் பயனர்கள் வரிசையாக வந்து 'மிகவும் பயனுள்ள கட்டுரை ஐயா, இருக்கட்டும்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்கியம், ஒரே 'ஐயா'.

"வாத்தியார் டாக்டர் இந்த ஆளு" என்றாள் சல்லடை. "மார்க் போடுறேன்னு சொல்லிப் பசங்களை அனுப்பியிருக்கான்."

"இருக்கலாம். ஆனா அந்தக் கட்டத்துல கொஞ்சம் பாத்து எழுதுங்க. எதிர்ல ஒரு மனுஷன் இருக்கான்ல?"

"மனுஷன் இருந்தா மூணாவதா ஒரு வாக்கியம் யோசிச்சிருப்பான்" என்று சொன்னவள், மூன்றாவதாக ஒரு வாக்கியம் ஏற்கெனவே இருக்கிறதே என்று ஞாபகம் வந்து, "நாலாவதா" என்று திருத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மாதம் ஒருமுறை இது வழக்கம். அக்காவுக்காகப் போவாள்; அத்தானைச் சகித்துக்கொள்வாள். அத்தான் கல்லூரியில் நிர்வாகவியல் பேராசிரியர். வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதைக்கூட நிர்வகிக்கத் தெரியாது, ஆனால் நாற்காலியை யார் பிடிக்க வேண்டும், யார் ஏற வேண்டும் என்று சோபாவில் இருந்தபடி சொல்லுவார். ஏறுகிறவள் அக்கா, பிடிக்கவும் அவளையே சொல்லுவார். முன்னறைச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். அதில் ஒன்று, இன்னொரு சான்றிதழ் வாங்கிய விழாவில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். கம்ப்யூட்டர் மட்டும் அந்த அறையில் இல்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், துணி தேய்க்கிற மேஜையின் ஒரு ஓரத்தில் இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் அத்தான் ஆரம்பித்தார்.

"நீ நெட்ல என்னமோ எழுதுறியாமே. அந்தக் கலைக்களஞ்சியம் எல்லாம் உனக்குப் பழக்கமா?"

"கொஞ்சம்."

"அதுல இப்போ ஒரு போட்டி நடக்குது. யாரு முதல்ல இருக்கான்னு நினைக்கிறே?" தட்டிலிருந்து கையை எடுத்து மார்பில் வைக்கப் போனவர், கையில் சோறு இருந்ததால் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். "நான்தான். பூச்சிகளைப் பத்தி எழுதுறேன். துறைத்தலைவர் பதவிக்கு ஆள் எடுக்கப் போறாங்க. சமூகத்துக்கு என்ன பங்களிச்சீங்கன்னு கேப்பாங்கல்ல?"

சல்லடை எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"பூச்சின்னா, வண்டா?"

"ஆமா! பாத்தியா, உனக்கே தெரிஞ்சிருக்கு. அறிவுக்கடல்னு போட்டா வரும். ஆனா அங்க ஒரு ஆளு இருக்கான். சல்லடைன்னு பேரு. வேலைவெட்டி இல்லாத கிழவனா இருப்பான்னு நினைக்கிறேன். என் கட்டுரையை எல்லாம் தூக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். உனக்கு அங்க யாரையாவது தெரிஞ்சா கொஞ்சம் சொல்லிவையேன்."

அவள் தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தாள். வாழ்க்கையில் சில ருசிகளை அவசரப்படாமல் சாப்பிட வேண்டும்.

"அந்தக் கிழவனை எனக்கு நல்லாத் தெரியும் அத்தான். நான்தான் அது."

அத்தானின் முகத்தில் பல விஷயங்கள் நடந்தன. கடைசியில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"அட, நம்ம வீட்டுப் பொண்ணா! அப்போ பிரச்சினை முடிஞ்சுது."

"எப்படி முடிஞ்சுது?"

"நமக்குள்ள என்னம்மா? அந்தக் கோரிக்கையை எடுத்துடு, அவ்வளவுதானே."

"எடுத்துடறேன். ஒரே ஒரு வண்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க. எந்த வண்டா இருந்தாலும் சரி. அது எங்க இருக்கும்? என்ன தின்னும்?"

அத்தான் கூரையைப் பார்த்தார். கூரையில் வண்டு எதுவும் இல்லை.

"அதெல்லாம் விவரம். விவரத்தைக் கீழே இருக்கிறவங்க பாத்துக்குவாங்க. நான் மொத்தமாப் பாக்கிறவன்."

இந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிரே ரசிகர் கூட்டம் உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு வேகம் வந்துவிட்டது. "மொத்தமாப் பாத்து ஆறு கால்னு கண்டுபிடிச்சீங்களா? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அதை எழுதினது மனுஷனா மிஷினான்னு எனக்குச் சந்தேகம். மிஷினா இருந்தாலும் இந்நேரம் அலுத்துப்போய் நின்னிருக்கும். துளி மூளை இருந்தா, துளி வெட்கம் இருந்தா, இப்படி ஒரே வரியை நாள் பூரா யாராவது…"

அக்கா எழுந்தாள். பாதி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தானுக்குப் பரிந்துதான் போகிறாள் என்று சல்லடை நினைத்தாள். நினைத்ததும் எரிச்சல் இன்னும் கூடியது. கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனாள்.

அக்கா தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"நான்தான்டி எழுதினேன்" என்றாள் திரும்பாமல்.

"எதை?"

"வண்டை. எல்லா வண்டையும். அவருக்கு எங்க டைப் அடிக்க வரும்? காலேஜ் லைப்ரரியிலேருந்து ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டாரு. பேரை மட்டும் மாத்து, மிச்சத்தை அப்படியே போடுன்னாரு. காலையில அவரு கிளம்பினதும் உக்காந்தா, சாயந்திரம் வர வரைக்கும். நடுவுல சமையல், துணி."

சல்லடை திரும்பிப் பார்த்தாள். பக்கத்து அறை மேஜையில் இஸ்திரிப் பெட்டிக்கும் மடித்த சட்டைகளுக்கும் நடுவே கம்ப்யூட்டர் தெரிந்தது. விசைப்பலகைக்கு அடியில் கனமாக ஒரு புத்தகம்.

"நீ எழுதினதை எல்லாம் படிச்சேன்" என்று அக்கா தொடர்ந்தாள். "அந்தக் கட்டத்துல வருமே. 'அந்த வண்டுக்கு இருக்கிற மூளையாவது இருந்திருக்கலாம்.' அன்னிக்கு மத்தியானம் நான் சாப்பிடல. 'படிப்பைப் பாதியில் விட்டவர்கூட வெட்கப்படுவார்.' அதையும் படிச்சேன். பாதியில விட்டவதானே நானு? யாரோ ஒரு கிழவன், பல்லு போனவன், பொண்டாட்டி கைவிட்டவன், அதான் இப்படி விஷத்தைக் கக்குறான்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். பாவம்னுகூட நினைச்சேன். கடைசியில பாத்தா நீ."

"அக்கா, நீன்னு தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டே. வேற யாரோட அக்காவா இருந்தா எழுதலாம். அப்படித்தானே?"

சல்லடையின் கண் இருக்கிறதே, மருந்துக் காகிதத்தில் ஒரு கால்புள்ளி தவறினால் கண்டுபிடிக்கிற கண். தன் பேச்சில் எங்கே தவறியது என்று தேடினால் எல்லா இடத்திலும் தவறியிருந்தது.

"நீக்கிக்கோ" என்றாள் அக்கா குழாயை மூடிக்கொண்டே. "அது குப்பைதான். எனக்குத் தெரியாதா? குப்பைன்னு சொல்லிட்டு எடுத்துப்போட வேண்டியதுதானே. கொண்டுவந்து கொட்டினவ மூஞ்சியில ஏன்டி எறியறே?"

திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் அச்சகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் செய்தாள். அறிவுக்கடல் தன் அக்காவின் வீட்டுக்காரர், அதனால் இதில் தான் தீர்ப்புச் சொல்வது முறையில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அக்காதான் எழுதினாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவளாகச் சொன்னால்தான் உண்டு.

டாக்டர் பொறுமையாகப் பேசிப் பார்த்து, பயனர்கள் சிலரையும் கலந்துகொண்டு, ஒரு வழி சொன்னார். வண்டுகளை முழுக்க நீக்க வேண்டாம். குடும்பவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டுரையாகச் சேர்த்துவிடலாம். பெயர்கள் இருக்கட்டும், ஆறு கால்கள் போகட்டும். போட்டிக் கணக்கில் இவை எதுவும் சேராது. மாணவர்களை வரவழைத்துப் பேசவைத்ததற்காக அறிவுக்கடல் போட்டியிலிருந்தே விலக்கப்படுகிறார்.

"எல்லாம் சரி. உக்காந்து சேக்கிற வேலையை யாரு பண்றது?" என்றார் டாக்டர்.

"தீர்ப்புதான் நான் சொல்லக் கூடாது. கூலி வேலை செய்யலாம்ல? நான் பண்றேன்."

அப்படித்தான் அவள் வண்டுகளை முதல்முறையாகப் படித்தாள். அதுவரை படித்ததில்லையா என்றால், இல்லை. முதல் வரியைப் பார்ப்பாள், கொட்டுவாள், அடுத்ததற்குப் போவாள். ஒன்று படித்தால் எல்லாம் படித்த மாதிரிதானே என்று எண்ணம். மருந்துக் காகிதத்தில் அப்படிச் செய்கிற ஒருத்தி அவள் பக்கத்து மேஜையில் இருந்திருந்தால், அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தச் சொல்லியிருப்பாள்.

ஆரம்பத்து வண்டுகள் எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. சலித்துப்போய், கைப்பழக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவள், நடுவில் ஒன்றைச் சேர்க்கப் போய் நின்றுவிட்டாள்.

'என்பது ஒரு வண்டு. இது வண்டு இனத்தைச் சேர்ந்தது. இதற்கு ஆறு கால்கள் உள்ளன. இரண்டு கைகள் மட்டும் உள்ளவர்களுக்கு வீட்டு வேலை முடிவதில்லை.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். அடுத்ததைத் திறந்தாள். வழக்கமான மூன்று வரிதான். அதற்கடுத்ததும் அப்படியே. பிறகு:

'இதற்கு ஆறு கால்கள் உள்ளன. ஆனாலும் இதன் கணவர் தண்ணீர் கேட்டால் இதுதான் எழுந்து போக வேண்டும்.'

இன்னும் தள்ளி: 'இந்த வண்டின் முதுகு பாலிஷ் போட்டது போல மின்னுகிறது. இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் ஒரு குரல் கொடுக்கவும்.'

'இது மண்ணுக்கு அடியில் பல வருடங்கள் புழுவாக இருந்து, வெளியே வந்து சில வாரங்களே வாழ்கிறது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை.'

'இது ஒரு வண்டு. இதை எழுதுகிறவளின் கணவர் பேராசிரியர். அவருக்கு இரண்டு கால்கள் உள்ளன. அவற்றை அவர் பயன்படுத்துவதில்லை.'

சல்லடை சிரித்தாள். வாய்விட்டு, தனியாக, நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் முகம் சுட்டது. ஒருவர் இத்தனை நாள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், யாராவது படிக்கிறீர்களா என்று. அத்தான் படிக்கவில்லை. 'மிகவும் பயனுள்ள கட்டுரை ஐயா' என்றவர்கள் படிக்கவில்லை. டாக்டர் படிக்கவில்லை. கலைக்களஞ்சியத்தின் கொட்டும் தேள், குறுங்கட்டுரைகளுக்கென்றே அவதரித்தவள், அவளும் படிக்கவில்லை. படிக்காமலேயே மூளை இல்லை என்று எழுதியிருக்கிறாள்.

விதிப்படி அந்த வரிகள் நிற்க முடியாது. ஆதாரம் இல்லை, சொந்தக் கருத்து வேறு. ஒவ்வொன்றாக எடுத்தாள். புழுவாக இருக்கிற செய்தியை மட்டும், நூலகத்தில் சரிபார்த்து, எந்தப் புத்தகம் என்று குறிப்புப் போட்டு வைத்துக்கொண்டாள். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'இணைப்பு' என்று எழுதினாள். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

அக்கா போனை எடுப்பாளா என்றே சந்தேகம். எடுத்தாள். ஆனால் "ம்" என்பதோடு நின்றாள்.

"அக்கா, அந்த ரெண்டு காலைப் பயன்படுத்தாத பேராசிரியர்…"

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"படிச்சுட்டியா?" என்றாள் அக்கா.

"இப்பத்தான்."

"இப்பத்தானா!" அக்காவின் குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது தங்கையோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு இல்லை. "நான் அதை எழுத ஆரம்பிச்சது எப்போ தெரியுமா? முதல்ல பயந்து பயந்து ஒண்ணு போட்டேன். யாரும் கேக்கல. சரி, இன்னொண்ணு. அப்பவும் கேக்கல. அப்புறம்தான் புரிஞ்சுது, ஒருத்தரும் படிக்கிறதில்லேன்னு. ஆயிரம் பேர் நிர்வாகம் பண்றீங்க, விதி பேசறீங்க, ஓட்டுப் போடறீங்க, கொட்டறீங்க. மூணு வரிக்கு மேல நாலாவது வரியைப் படிக்க ஒரு ஆள் இல்ல. பேரைப் பாரு, சல்லடையாம்! எதைடீ சலிச்சே நீ?"

"நான் பண்ணினது தப்புதான்."

"தப்புதான். நான் இல்லேன்னு சொல்லல."

"உன் பேர்ல ஒரு கணக்குத் தொடங்கேன். உனக்கு நல்லா எழுத வருது. நான் சொல்லித் தரேன்."

"ஐயோ, வேண்டாம்மா. உங்க அறிவுல எனக்கு ஒண்ணும் பங்கு வேண்டாம். இத்தனை மாசத்துல முதுகுவலிதான் மிச்சம். சாயந்திரமானா பூங்காவுல போய் ஒரு பெஞ்சுல உக்காந்துட்டு வரேன். நல்லா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த ஞாயிறு சாப்பிட வா. ஆனா நான் இன்னும் உன்மேல கோவமாத்தான் இருக்கேன். அது தெரிஞ்சுக்கிட்டு வா" என்றாள்.

சல்லடை வண்டுகளைச் சேர்த்து முடித்தாள். அதற்குப் பிறகும் குறுங்கட்டுரைகளைக் கவனித்தாள். நீக்க வேண்டியதை நீக்கினாள், அதில் தயவு கிடையாது. ஆனால் கட்டத்தில் கொட்டுவது நின்றுபோனது. ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவர், அவளோடு பேசுவதற்கென்று கலைக்களஞ்சியத்தில் இருக்கிற பக்கத்துக்கு வந்து, 'உங்கள் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?' என்று அக்கறையாக விசாரித்தார். டாக்டர் போனில், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "நாலாவது வரி இருக்கான்னு பாக்கறேன் டாக்டர்" என்றாள். அவருக்குப் புரியவில்லை, உள்ளே நோயாளிக்கு மரத்துவிட்டிருந்ததால் கேட்கவும் நேரமில்லை.

அத்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கலைக்களஞ்சியம் அரைகுறைகளின் கூடாரம் என்றும், தன்னைப் போன்றவர்களை அங்கே வாழவிட மாட்டார்கள் என்றும் கல்லூரி முழுக்கச் சொல்லிவந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பதவிக்கு இனி ஒரு புத்தகம்தான் போட்டாக வேண்டும் என்று முடிவு செய்தார். தலைப்பு உடனே கிடைத்துவிட்டது: 'நேர மேலாண்மை.' தலைப்பைச் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்து, "நாளையிலேருந்து ஆரம்பிச்சுடலாமா?" என்றார்.

"ஆரம்பிங்க" என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு சல்லடை போனபோது, துணி தேய்க்கிற மேஜையின் முன்னால் அத்தான் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, விசைப்பலகையின் மேல் கழுகு வட்டமிடுவது போல வட்டமிட்டுக்கொண்டிருந்தார். அக்கா முன்னறைச் சோபாவில் காலை நீட்டி, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"இந்தா, 'ழ' எங்க இருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"அங்கதான் இருக்கும். தேடுங்க."